வெட்டி எடுத்த மெட்டி

திருப்புல்லாணி
14-3-1998

அன்பு மகள் பூமயிலுக்கு அய்யா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அது எனக்குத் தெரியாததல்ல, ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தையை எழுதினால் பொய்யாகிவிடும். மாப்பிள்ளை பூமிநாதன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி உன்னைத் திருப்பூரில் விட்டுவிட்டுக் கிளம்பி வந்தாரே, அது காய்ச்சல் இல்லை அம்மா. உன் மாமனாரை வெட்டிவிட்டார்கள். வெட்டியது உன் தாய்மாமன் சோணைமுத்து. உயிருக்கு ஆபத்தில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார், அதை முதலில் மனதில் வாங்கிக்கொள், ஒரு வாய் தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி. வேறு யார் வாயிலாவது கேட்டு நீ பதறக்கூடாது என்றுதான் தபாலில் போடாமல் பாக்கர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மிஷினில் காலையில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் எழுந்திருக்கிறாய் என்றும், கணுக்கால் இரண்டும் வீங்கிப் பாதம் பணியாரம் போல உப்பிவிட்டது என்றும், மெட்டி விரலுக்குள் புதைந்து விரல் கறுத்துப்போகவே மாப்பிள்ளைதான் மெக்கானிக்கிடம் கட்டிங் பிளேயர் வாங்கி வந்து வெட்டி எடுத்தார் என்றும், பெரிதாகச் செய்து தர நம் ஆசாரியிடம் கொடுக்கச் சொல்லித்தான் கரி லாரி ஓட்டுகிற பாக்கரிடம் கொடுத்துவிட்டாய் என்றும் இப்போது எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. பாக்கர் நம் ஊர் பிரிகிற விலக்கு ரோட்டில் டீக்கடை முன்னால் லாரியை நிறுத்தி, அங்கே நின்ற சோணைமுத்து கையில் பொட்டலத்தைத் திணித்து, "மாமா, இது பூமயிலு குடுத்து விட்டது, சார் வீட்ல சேத்துருங்க, வெவரத்தப் பொறவு வந்து சொல்றேன்" என்றிருக்கிறான். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே நிற்க லாரியை எடுத்துவிட்டான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. சோணைமுத்து அந்தப் பனியன் துணி முடிச்சை அங்கேயே அவிழ்த்தான். நம் வகையறாவில் மெட்டி போடுகிறவன் தாய்மாமன், உன் காலைத் தன் மடியில் வைத்து அவன்தான் போட்டான். அது கழன்றால் ஒன்று புருஷன் செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புருஷன் வீட்டார் பெண் வேண்டாம் என்று உறவைத் தீர்த்துவிட்டு, மெட்டியை வெட்டி, போட்டவன் கைக்கே அனுப்பியிருக்க வேண்டும். வெட்டிய மெட்டி போட்டவன் கைக்கே வந்துவிட்டது. போதாததற்கு டீக்கடையில் ஒருவர், "என்னலே சோண, ஒம் மருமகளத் தீத்து விட்டுட்டாகளா, வெள்ளிதான் வந்திருக்கு, புள்ள எப்ப வருது?" என்று சிரித்திருக்கிறார். நம் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் தடுத்திருப்பேன். அவன் தன் வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துச் சைக்கிளில் செருகிக்கொண்டு நேரே உன் மாமனார் ஊருக்குப் போய்விட்டான்.

சம்பந்தி மலையாண்டி மிளகாய்க் களத்தில் குந்தி, சொத்தை வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். சோணைமுத்து மெட்டியை அவர் முகத்தில் விட்டெறிந்து, "எம் புள்ள என்ன கொற வச்சா ஒங்களுக்கு, வெட்டி அனுப்புறீகளோ" என்று கத்தியிருக்கிறான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத மனிதர் என்ன செய்வார், சிரித்தார். "என்னய்யா, விடியக்காலமே ஊத்திட்டு வந்துட்டியா" என்று கேட்டாராம். அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பதிலாகப் போய்விட்டது. முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்க இடது கையைத் தூக்கியிருக்கிறார், மூன்று விரல்கள் வத்தலுக்குள் போய் விழுந்தன. எது விரல் எது வத்தல் என்று தெரியாமல் உன் மாமியார் மண்டியிட்டுத் துழாவித் தேடியிருக்கிறார், வெட்டுவாய் முழுக்க மிளகாய்க் காரம் ஏறிச் சம்பந்தி போட்ட சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், குறைத்து எழுதினால் நாளைக்கு நீ அவர் கையைப் பார்க்கும்போது உன் அய்யா ஏமாற்றிவிட்டான் என்று நினைப்பாய்.

அரிவாளோடு சோணைமுத்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மச்சான், புள்ளையப் போய்க் கூட்டிட்டு வாங்க, இங்கன வேலைய முடிச்சுட்டேன்" என்றான். என்ன வேலை என்று கேட்கத் தேவையில்லாதபடி வேட்டி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாக்கர் லோடை இறக்கிவிட்டு விவரம் சொல்ல வந்து, வாசலில் ரத்தத்தைப் பார்த்து, "அல்லாவே, கால் வீக்கத்துக்கா வெட்டுனீக" என்று அழுதபோதுதான் எல்லாம் விளங்கியது. சோணைமுத்து சுவரில் தலையை மோதிக்கொண்டான், நெற்றி பிளந்து கொட்டியது, நானும் பாக்கரும் பிடித்தும் நிற்கவில்லை. பிறகு அவனே என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தான். இப்போது ஜெயிலில் இருக்கிறான், சோறு இறங்கவில்லையாம்.

இதோடு முடியவில்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் தன் அப்பா கட்டில் பக்கத்தில் நின்று, "நான்தாம்ப்பா வெட்டி எடுத்தேன், அவ கால் வீங்கிக் கெடந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். அவர் தம்பி பூவலிங்கம் நம்பவில்லை. "பொண்டாட்டி முந்தானைக்குள்ள நின்னு பேசுற பேச்சுண்ணே அது. உக்காந்து தைக்கிறவளுக்குக் கால் எப்படி வீங்கும்? நடந்தா வீங்கும், அடிச்சா வீங்கும்" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். அன்றைக்கே ஆள் கூட்டி வந்து சோணைமுத்துவின் வைக்கோல் போருக்குத் தீ வைத்து, கட்டுத்தறியில் நின்ற உழவு மாடுகள் இரண்டுக்கும் பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டுப் போனான். வாயில்லா ஜீவன்கள் முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தன. அடிமாட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்தது வாத்தியார் வீடுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சம்பந்தி கட்டிலில் படுத்தபடியே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்: "மருமக வரட்டும். எங் கண்ணால அவ கால நான் பாக்கணும். வீங்கியிருந்தா எந் தலையெழுத்துன்னு விட்டுர்றேன். இல்லேன்னா எம் மகனை நான் புடிச்சு நிறுத்த மாட்டேன்." ஆகையால் நீ வர வேண்டும் பூமயில்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "வைத்தியம் பாக்கச் சொல்லி எழுதிறாதீக, இன்னும் ரெண்டு நாளு அந்த மிசின்லயே உக்காரச் சொல்லுங்க, வீக்கம் வடியாம வந்து சேரட்டும்" என்றாள். அவளைத் திட்டாதே. தம்பி ஜெயிலில், புருஷன் கழுத்துக்கு அரிவாள், பயந்தவள் கணக்கு அப்படித்தான் போகும். ஆனால் நான் அதை எழுத மாட்டேன். ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத்தான் உனக்கும் சொல்கிறேன். கெண்டைக்கால் தசை ஒரு சைக்கிள் பம்பு மாதிரி, நடக்கும்போது அது அமுங்கி அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் பம்பு நின்றுவிடுகிறது, மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் கரையில் ஊறுகிற மாதிரி கணுக்காலில் நீர் ஊறிவிடுகிறது. உட்கார்ந்தால் வீங்காது என்பவன் பரீட்சை ஹாலில் நாள் முழுக்க நாற்காலியில் இருந்து பார்க்கட்டும், எனக்கே செருப்பு நுழையாமல் போயிருக்கிறது. மணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நட, சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். படுக்கும்போது காலுக்குத் தலையணை வை. உப்புக் கருவாட்டைக் கொஞ்ச நாளைக்கு விடு. உட்கார்ந்ததனால்தான் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது, தீர்ப்பு எழுதிய ஒருவன் ஜெயிலில் இருக்கிறான். சிறுநீரகமோ வேறு எதுவுமோ என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், பாக்கரே உன்னைக் கூட்டிப்போவான், அதன் பிறகு பஸ் ஏறு.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பூவலிங்கத்தைப் பார்த்தேன். என் மகள் கால் வீங்கியும் வரலாம், மருந்தில் வடிந்தும் வரலாம், எப்படி வந்தாலும் அவளை ஒரு சொல் சொல்லக்கூடாது, உனக்குத் தீர்க்க வேண்டியது இருந்தால் என்னிடம் தீர்த்துக்கொள், என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன் என்று சொன்னேன். "வாத்தியாரே, பாடம் நடத்தாதீக, காலக் காட்டச் சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண் சிவந்திருந்தது, அப்பாவைப் பார்த்து அழுதிருக்கிறான். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் கால் வீங்கியே கிடந்தால்தான் இரண்டு குடும்பம் பிழைக்கும் என்றால், அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம் அம்மா. வடிந்தால் வடிந்த காலோடு வா. நான் முன்னால் நிற்கிறேன்.

பஸ் உன்னை மதுரையில் இறக்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மாமனார் தலைமாட்டில் உட்கார், வெட்டுப்படாத கையைப் பிடித்துக்கொள், எங்களைப் பார்க்க அப்புறம் வரலாம். மாப்பிள்ளை சாப்பிட்டே இரண்டு நாளாகிறது, அவரைச் சாப்பிட வை. நீயும் அவரும் குறையில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், உனக்கு ஒரு பழியும் வந்து சேரக்கூடாது. மறந்துவிடாதே, டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டு வா, பஸ்ஸில் பையை முன்னால் வைத்து அதன்மேல் காலை நீட்டிக்கொள்.

உன் அய்யா,
வீரையா