அப்பா சூடாக்கிய ரத்தம்

2006 நவம்பர் 7, செவ்வாய்

விடியும்போதே மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்து இரண்டாம் நாள். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, உதட்டில்தான் நிறமே இல்லை. நேற்று ரத்தம் ஏற்றும்போது கட்டில் ஆட நடுங்கினாள். சில்லென்று இருந்ததுதான் காரணம் என்று அப்பாவே முடிவு கட்டிவிட்டார்.

இன்று இன்னொரு பை, ஓ நெகட்டிவ். கடலூர் ரத்த வங்கியில் அது ஒன்றுதான் இருந்ததாம். தெர்மோகோல் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பா, நேராக மேலே வராமல் நர்சிங் ஹோமுக்கு எதிர் பேக்கரிக்குப் போயிருக்கிறார். பப்ஸ் சூடுபண்ணும் மைக்ரோவேவில் பையை வைத்து வாங்கி வந்திருக்கிறார்.

நர்ஸ் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீரும் சிவப்பு. ஒரு மூலை கறுத்துத் திரிந்திருந்தது.

“யாருங்க இத சூடு பண்ணது? இத ஏத்துனா கிட்னி போயிடும்.”

“புள்ள நேத்து நடுங்குச்சு சிஸ்டர்.” அவ்வளவுதான் அப்பா சொன்னார்.

நவ. 8, புதன்

மழை. பிளாஸ்க், பன், செல்லுக்கு ரீசார்ஜ். ரத்தம் கேட்டு யார் யாரிடமோ பேசினேன். நான் ஓ பாசிட்டிவ், அப்பாவுடையதும் சேராது. துபாயிலிருந்து அக்கா வீட்டுக்காரர், மாமா, மறுபடி மறுபடி போன்.

பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். சூட்டில் சிவப்பணு உடையும், உள்ளிருப்பது வெளியே கலந்துவிடும் என்று இருக்கிறது. மைக்ரோவேவ் பற்றி ஒரு வரி இல்லை. அது சீராகச் சூடேற்றாது, அந்த மூலையில் வெந்தே போயிருக்கும் என்பது நானாக யோசித்தது. புரிந்து என்ன, அதனால் அக்கா உடம்பில் ரத்தம் ஏறப்போவதில்லை.

பீங்கான் சூளையில், விரிசல் விழாமல் நாளெல்லாம் மெல்லச் சூடேற்றுகிற மனுஷன் அப்பா.

பேக்கரிக்காரர் வந்து தலை குனிந்து நின்றார். “அழுவுற மாதிரி கேட்டாருங்க. அதான் வெச்சுக் குடுத்தேன்.”

அக்கா கேட்டது ஒன்றுதான், அப்பாவை யாராவது திட்டினார்களா என்று. திட்ட யாருக்கும் தெம்பில்லை.

நவ. 9, வியாழன்

கம்மாபுரத்துக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், நனைந்துகொண்டே கடலூர் போய் ரத்தம் கொடுத்தார். பையை வாங்கிவர அப்பா மறுத்துவிட்டார். நான்தான் போனேன். வழியெல்லாம் மடியில் ஐஸ் பெட்டி.

ஏற ஆரம்பித்துவிட்டது. அப்பா உள்ளே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக, “குளிருதான்னு கேளு பாப்பா.”

கேட்டேன்.

“இல்லன்னு சொல்லுடி,” என்றாள் அக்கா. பல் அடித்துக்கொள்கிறது.

சொன்னேன். இன்னும் பாதிப் பை இருக்கிறது.