புரியும் இடம் வேறு

வேலூர் ஆஸ்பத்திரி, 1931

அன்புள்ள மஹ்பூபிக்கு சலாம். திருச்சியில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன்.

ஆம்பூர் மண்டியில் தோல்கட்டு சரிந்து என் தலையின் இடப்பக்கம் விழுந்தது. பேச்சு நின்றது, வலது கையும் அசையவில்லை. இரண்டையும் நடத்தும் இடங்கள் மூளையின் இடப்பக்கத்தில் அருகருகே இருக்கின்றனவாம். கேட்டதைப் புரிந்துகொள்ளும் இடம் வேறு, அதற்குச் சேதமில்லை என்றார் டாக்டர்.

உன் தம்பி ஆபித்துக்கு இது தெரியாது. என் கட்டிலருகே நின்றே முதலாளியிடம் சொன்னான்: "மச்சானுக்கு இன்னா சொன்னாலும் புரியாது சாப். அவரு பாத்த தோல் வாங்குற வேலைய எனக்கே குடுத்துடுங்க."

அவனை ஆம்பூர் மண்டிக்குக் கூட்டிவந்தவனே நான்தான்!

முதலாளி சந்தையிலிருந்து ஓர் ஆட்டுத்தோலோடு வந்திருந்தார். அதைத் தடவிப் பார்த்தேன். மண்டியில் பேரம் பேசுவதுபோல் அவர் துண்டுக்கு அடியில் இடது கையால் அவர் விரல்களைப் பிடித்து, விரல் கணக்கிலேயே விலை சொன்னேன்.

"கரெக்டா சொல்றாரேப்பா! புரியாதுன்னியே?" என்றார். ஆபித் சுவரைப் பார்த்தான்.

இப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. உன் பெயருக்கு மட்டும் நாக்கு இன்னும் புரளவில்லை. பொத்தானில்லாத சட்டை இரண்டு தைத்து வை. ஒற்றைக் கையால் பொத்தான் போட முடியவில்லை, நர்ஸம்மாவைக் கேட்கக் கூச்சமாயிருக்கிறது.

இன்னொன்று. "இதுக்கு அக்காவும் ஒத்துக்கிச்சு" என்றும் அன்று முதலாளியிடம் ஆபித் சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். சட்டையை அவனிடம் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டுவந்தால் எனக்கு வேறு பதில் வேண்டாம்.

வாஹித்