நம் தெருவுக்குக் கடைசியில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன், காய்ச்சலே வந்தாலும் நீ போனில் சொல்லப்போவதில்லை. அப்பா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய கண்ணாடியைத் தேடுகிறார். அம்மா எப்படி கவுன்சிலர் ஆனாள் என்று உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதப்போவதாகவும், என் சின்ன வயதைப் பற்றிச் சொல்லும்படியும் கேட்டிருந்தாய். சொல்கிறேன், படித்த பிறகு மலருக்குக் கொடுப்பதா என்று நீயே முடிவு செய்.

உன் தாத்தாவுக்கு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார், ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். எல்லாத் தெருவுக்கும் விட்டுவிட்டு எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் திறப்பார், அதற்குள் மேல்தொட்டி வற்றிப்போயிருக்கும். "சாவி வீட்டுல இருந்து என்ன பிரயோஜனம், குடம் காயுது" என்று என் அம்மா குத்திக்காட்டுவாள், மறுநாளும் அவர் கடைசியில்தான் திறப்பார். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் வார்டு தேர்தலில் நின்றதற்கு வேறு காரணம் தேடாதே, அந்தப் பெருமைதான்.

போன வருடம் நம் வார்டில் குடிநீர்க் குழாய்களை மாற்றும் வேலை வந்தது, பதினோரு தெரு. நம் தெருக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போவதால் என்ஜினியர் அதை முதலில் குறித்திருந்தார். நான் அதை அடித்துவிட்டுக் கடைசியில் எழுதினேன், கவுன்சிலர் தன் வாசலுக்கு முதலில் போட்டுக்கொண்டாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். "யோசிச்சுதான் சொல்றீங்களா மேடம்" என்றார். யோசித்ததாகத்தான் நினைத்தேன். பத்துத் தெரு முடிந்ததும் வேலை நின்றுவிட்டது, ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை, ஏழு மனு கொடுத்தாயிற்று. இனி நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் மகள், உன்னோடு சைக்கிள் பழகியவள், பிரசவத்துக்கு வந்திருந்தாள். மஞ்சள்காமாலை வந்துவிட்டது, தண்ணீரால்தான் என்றார் டாக்டர். அவள் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. நான் போய் நின்று, வரிசையை மாற்றியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அக்கா மெஷினை நிறுத்தாமல், "விடுங்க, உங்க வீட்லயும் அதே தண்ணிதானே குடிக்கிறீங்க, உங்களை என்ன சொல்றது" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. நீ வாங்கி மாட்டிவிட்டுப் போன தண்ணீர் வடிகட்டி நம் சமையலறையில் இருப்பது அவளுக்குத் தெரியாது, அதை மட்டும் நான் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சி எதிரே இருந்தும் ஒரு குடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. தாத்தா கடைசியில் திறந்தபோது காய்ந்தது அவர் வீட்டுக் குடம். இதை உன் இரண்டு பக்கத்தில் எங்கே வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வடிகட்டியின் ஃபில்டர் பழுப்பேறிவிட்டது, நீ சொன்னபடி புதிது அனுப்பு, அப்பாவின் வயிறு தாங்காது. பார்சல் மேல் என்ன சாமான் என்று மட்டும் எழுதாதே, நாங்கள் வீட்டில் இல்லாதபோது அக்காதான் வாங்கி வைப்பாள்.

இப்படிக்கு,
அம்மா