அம்மாவின் உதட்டு நிறம்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் இதயம் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பு நீ பூங்காவில் எடுத்த படத்தை முடித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எல்லாரையும் கறுப்பு வெள்ளையாக்கி, அம்மாவின் உருவத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்துத் தனி லேயரில் நிறத்தைக் கூட்டினேன்.

ஸ்வெட்டரின் பச்சை பளிச்சென்று வந்தது. உதடுகளில் நீலமும் வந்தது. மூலப் படத்தைப் பெரிதாக்கினேன். அதிலும் மங்கலாக இருந்தது.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடு நீலமாகும். நர்சிங் படிப்பில் அந்தப் பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண்.

"குளிருதுடி, அவளைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லு" என்று அன்று பூங்காவில் அம்மா என் காதில் சொன்னாள். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா, மூஞ்சிய உம்முனு வெச்சுக்காதே" என்றேன்.

உதட்டுக்கு இன்னொரு மாஸ்க் போட்டுச் சிவப்பாக்கிவிட்டேன். அப்பாவிடம் அதையே கொடு. நீல உதட்டுப் படத்தை உனக்கு மட்டும் அனுப்புகிறேன். தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை