அடைத்த கடையின் வியாபாரம்

இன்று மட்டாஞ்சேரி கடைவீதியில் நடந்தபோது எங்கிருந்தோ சுக்கு வாசனை வந்தது. சாயாவில் நீ தட்டிப்போடுவாயே, அதே வாசனை. உன் சாயாக்கடை இருந்த இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது. இறக்கிய ஷட்டர்மேல் யாரோ படகுச் சவாரி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.

பகலில் இந்த வீதிக்குள் லாரி வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதனால் வியாபாரம் கூடியதா, குறைந்ததா என்று அளக்கும் வேலை காக்கநாட்டில் எங்கள் புள்ளிவிவர ஆபீசுக்கு வந்தது. உத்தரவு அமலுக்கு வரும் முன் எடுத்த கணக்கில் உன் கடையையும் சேர்த்திருந்தேன். "கவர்மென்ட் கணக்குல நானும் உண்டுல்லே?" என்று எதிர்க்கடைச் சேட்டனிடம் பெருமையடித்தாய். கூடப் படித்தவன் என்று அன்றைக்கு எனக்குச் சாயாவோடு சூடாகப் பழம்பொரியும் வந்தது.

லாரி நின்றதும் மூட்டை இறக்குகிறவர்களும் வரவில்லை. உன் பெஞ்சு காலியானது. மறுகணக்குக்கு நான் வந்த அன்று அடுப்பை விற்றுக்கொண்டிருந்தாய். அதைத் தூக்கும் முன் எனக்காக ஒரு சாயா போட்டாய்.

"எடா, அடைச்ச கடையை எழுதி என்ன செய்யப்போறே? பக்கத்துல டூரிஸ்ட்டுகளுக்குன்னு புதுசா காப்பிக்கடை வந்திருக்கு. நல்ல கச்சோடம், எப்பவும் கூட்டம். அவங்களை எழுதிக்கோ."

எங்கள் ஆபீஸ் வழக்கமும் அதுதான்: ஒரு கடை அடைத்திருந்தால், பதிலுக்குப் பக்கத்துக் கடை. உன்னை எடுத்துவிட்டு அவர்களைப் போட்டேன். இன்னும் சிலரையும் அப்படியே மாற்றினேன். சராசரி எகிறியது. தடையால் வீதி செழித்தது என்று அறிக்கை எழுதினேன். நொடிந்தவர்களை விட்டுவிட்டு நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எந்த உத்தரவும் நல்ல உத்தரவாகத்தான் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தரும் பாடம் இது. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. சாயா நன்றாக இருந்தது.

அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் நீ போய்விட்டாய். இப்போது என் அறிக்கையைக் காட்டி, கொச்சங்காடியிலும் லாரியை நிறுத்தப்போகிறார்களாம். அங்கேயும் மூட்டைக்காரர்களை நம்பி சாயாக்கடைகள் இருக்கின்றன.

நேற்று பழைய கணக்கைத் திறந்தேன். அடைத்த கடைகளையெல்லாம் திரும்பச் சேர்த்து, வியாபாரம் பூஜ்யம் என்று போட்டேன். செழிப்பு போன இடம் தெரியவில்லை. தப்பு என்னுடையது என்று மேலே எழுதி அனுப்பிவிட்டேன். திட்டுவார்கள், திட்டட்டும்.

கணக்கு திருந்திவிடும். உன் கையால் சாயா வாங்கிக் குடித்துக்கொண்டே உன் பெயரை அடித்தேனே, அதை எங்கே கொண்டுபோய்த் திருத்துவேன்?