விரிசலில் ஒட்டிய காகிதம்

தம்பிக்கு,

நூறு வருஷத்து வீடு. தூணே கிடையாது, சுவர்தான் மாடியைத் தாங்குதுன்னு கொத்தனார் தலைபாடா அடிச்சுக்கிட்டார். "இன்ஜினியர் எனக்குத் தெரியாதா?"ன்னு கீழே நடுச்சுவரை இடிச்சு ஹாலைப் பெருசாக்கிட்டு நீ பாட்டுக்கு ஊருக்குக் கிளம்பிட்டே.

இப்போ மாடியில, அம்மா கட்டிலுக்குப் பின்னாடி விரிசல். சுவர் நகர்ந்தா காகிதம் கிழியும்னு கொத்தனார் சொன்னதால, குறுக்கே ஒரு துண்டு ஒட்டினேன். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே"ன்னு நீ எழுதின கடிதத்துல வெட்டினதுதான்.

இன்னைக்குக் காலையில அது ரெண்டாக் கிழிஞ்சிருக்கு.

அம்மாகிட்ட காட்டினேன். இறங்க மாட்டேங்கிறாங்க. "என் புள்ள கணக்கு தப்பாது. தப்புன்னா அவனே வந்து சொல்லட்டும்"ங்கிறாங்க.

அவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படிடா இறங்குவேன்?

மாடியிலிருந்து,
உன் அக்கா