எண்ணெய் பட்ட தாள்

அம்மாடி,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. சாவி அதே ஆணியில்.

நம் கட்டடத்துக் காகிதத் தொட்டியை லாரிக்காரர்கள் எடுக்காமல் போனதற்கு உன் பீட்சா பெட்டிதான் காரணம் என்று நேற்று மாடிப்படியில் கத்தினேன். "எத்தனை தடவைடி சொல்றது!" "அதை நான் குப்பையிலதாம்ப்பா போட்டேன்" என்றாய். காதில் வாங்கவே இல்லை.

இன்று காலை தொட்டியைக் கிளறினேன். உள்ளே எண்ணெய் ஊறிய செய்தித்தாள்கள். எண்ணெய்ப் பாட்டில்களை மறுசுழற்சிக்குச் சுத்தமாக அனுப்புகிறேன் பேர்வழி என்று, துடைத்த தாள்களை நான்தான் போட்டிருக்கிறேன். ஆலையில் பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். அதில் எண்ணெய் சேர்ந்தால் புதுத் தாளில் கறை விழும், சமயத்தில் மொத்தக் கூழும் வீண். ஊருக்கெல்லாம் இதை விளக்கியவன் நான்! உன்னைப் பேசவாவது விட்டிருக்கலாம். மனசு ஆறவில்லை.

கெட்ட தாள்களைப் பிரித்து எடுத்துவிட்டேன். நீ எதையும் தொட வேண்டாம்.

அப்பா

பி.கு.: மேல்வீட்டு அத்தை தன் பாத்திரத்தை வாங்க வருவார். அது கழுவி மேசைமேல் இருக்கிறது.

இன்னொன்று: இந்தச் சீட்டில் எண்ணெய் படவில்லை, காகிதத் தொட்டியிலேயே போடலாம். அதற்கு முன்னால் அத்தையிடம் காட்டிவிடு. அவர் எதிரில்தானே உன்னைத் திட்டினேன்.